மாத்திரை நாட்களில் மது: மறைப்பதால் வரும் ஆபத்து

(பெருநகரில் நமது அறக்கட்டளை நடத்திய இலவச மருத்துவ முகாமின் நிறைவில், ஓய்வுபெற்ற அரசு மருந்தாளுநர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)

 

இந்தத் தலைப்பில் பேசப் போகிறேன் என்று சொன்னதும் ஒரு பெரியவர் என்னிடம் கேட்டார்: "பாய், மது ஹராம் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அதில் நீங்கள் பேச என்ன இருக்கிறது?" அவர் கேட்டது நியாயம்தான். ஹராம் என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் முப்பது வருடத்துக்கு மேல் மருந்து கொடுக்கும் ஜன்னலுக்குப் பின்னால் நின்றவன் நான். ஹராம் என்று தெரிந்ததால் குடிக்காமல் இருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். ஹராம் என்று தெரிந்ததால் குடிப்பதை மறைப்பவர்களையும் பார்த்திருக்கிறேன். இந்த இரண்டாவது கூட்டத்தாரைப் பற்றித்தான் இன்று பேச்சு.

ஒரு சம்பவம் சொல்கிறேன். வேறொரு ஊரில் நடந்தது. ஒரு கொத்தனார், நம் சமுதாயத்தைச் சேர்ந்தவர், நாற்பது வயது இருக்கும். காசநோய் என்று கண்டுபிடித்து மாத்திரை ஆரம்பித்தார்கள். முதல் நாளே டாக்டர் கேட்டார், "குடிப்பழக்கம் உண்டா?" அவர் சொன்னார், "இல்லைங்க சார், நாங்க முஸ்லிம்." டாக்டரும் அதற்கு மேல் கேட்கவில்லை. இரண்டு மாதம் ஆனது. சளியைப் பரிசோதித்தால் கிருமி அப்படியே இருக்கிறது. மருந்து ஏன் வேலை செய்யவில்லை என்று யாருக்கும் புரியவில்லை.

ஒரு நாள் அவர் மனைவி மகளைக் கையில் பிடித்துக்கொண்டு ஜன்னலுக்கு வந்தார். கூட்டம் குறையும் வரை ஓரமாக நின்றார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "பாய், அவரு சனிக்கிழமை கூலி வாங்கினா குடிச்சிட்டுத்தான் வருவாரு. ஞாயித்துக்கிழமையும் குடிப்பாரு. அந்த ரெண்டு நாளும் மாத்திரையைத் தொட மாட்டாரு. சாராயத்தோட மாத்திரை போட்டா செத்துடுவேன்னு யாரோ சொல்லியிருக்காங்களாம். நான் சொன்னேன்னு மட்டும் சொல்லிடாதீங்க."

வாரத்தில் இரண்டு நாள் மருந்து இல்லை. அந்த இரண்டு நாளும் கிருமிக்கு லாபம். அவர் குடியை நிறுத்த வேண்டும் என்பதற்காக யாரோ ஒரு பயத்தைச் சொன்னார்கள். அந்தப் பயம் குடியை நிறுத்தவில்லை, மாத்திரையை நிறுத்திவிட்டது. இன்று நான் சொல்ல வந்த செய்தி இதுதான்.

அந்தக் கொத்தனார் என்ன ஆனார் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் ஆன்டிபயாடிக் மாத்திரைக்கும் மதுவுக்கும் உள்ள தொடர்பை உள்ளபடி சொல்லிவிடுகிறேன். மிகைப்படுத்திப் பயமுறுத்த மாட்டேன், குறைத்தும் சொல்ல மாட்டேன்.

மது உடலுக்குள் போனதும் கல்லீரல் அதை இரண்டு படியாக உடைக்கிறது. முதல் படியில் அது அசிட்டால்டிஹைடு என்ற விஷப்பொருளாக மாறுகிறது. இரண்டாவது படியில் அந்த விஷம் அசிட்டிக் அமிலமாக மாறுகிறது. நாம் சமையலில் ஊற்றும் வினிகரில் இருப்பதும் அதே அமிலம்தான், அதனால் உடலுக்குத் தொல்லை இல்லை. இரண்டாவது படியை ஏதாவது ஒரு மருந்து அடைத்துவிட்டால் என்ன ஆகும்? விஷப்பொருள் ரத்தத்தில் தேங்கும். முகம் சிவந்து எரியும், நெஞ்சு படபடக்கும், தலை வெடிப்பது போல வலிக்கும், வாந்தி வரும், மூச்சு முட்டும்.

இதைக் கண்டுபிடித்ததே தற்செயலாகத்தான். டென்மார்க் நாட்டில் ஹால்ட், யாக்கப்சன் என்று இரண்டு ஆராய்ச்சியாளர்கள் டைசல்ஃபிரம் என்ற பொருள் குடல் புழுவுக்கு மருந்தாகுமா என்று பார்க்க, தாங்களே விழுங்கிப் பார்த்தார்கள். பிறகு மது அருந்தியபோது உடம்புக்கு முடியாமல் போனது. அதிலிருந்துதான் 1948-ல் குடியை நிறுத்துவதற்கான மாத்திரை வந்தது.

நம் வீடுகளில் உள்ள ஆன்டிபயாடிக் மாத்திரைகளில் எது இப்படிச் செய்யும்? முதலில் சொல்ல வேண்டியது மெட்ரோனிடசோல். ஃப்ளாஜில், மெட்ரோஜில் என்ற பெயர்களில் வரும். சீதபேதிக்கும், பல் சீழுக்கும், பெண்களுக்கு வரும் சில தொற்றுகளுக்கும் எழுதுவார்கள். அடுத்தது டினிடசோல். பேதிக்குக் கடையில் கேட்டு வாங்குகிறோமே, கலவை மாத்திரை, அதில் பல நேரம் இது இருக்கும். ஓர்னிடசோலும் அதே குடும்பம்தான்.

இந்த மாத்திரை சாப்பிடும் நாட்களில் மது கூடாது என்று அதோடு வரும் குறிப்பிலேயே எழுதியிருக்கிறது. கடைசி மாத்திரைக்குப் பிறகும் மெட்ரோனிடசோல் என்றால் இரண்டு முதல் மூன்று நாள், டினிடசோல் என்றால் மூன்று நாள் தள்ளியிருக்க வேண்டும். மாத்திரை முடிந்த அன்றே மருந்து உடம்பை விட்டுப் போய்விடுவதில்லை.

உண்மையைச் சொல்வதானால், மெட்ரோனிடசோல் சாப்பிட்டுக் குடித்த எல்லோருக்கும் இப்படி ஆவதில்லை. பின்லாந்தில் 2002-ல் வெளிவந்த ஒரு சிறிய ஆய்வில், ஆரோக்கியமானவர்களுக்குக் கொடுத்துப் பார்த்தபோது இந்த விளைவு தெரியவில்லை. அமெரிக்க நோய்த்தடுப்பு மையம்கூட 2021-ல் இந்தத் தடை தேவையில்லை என்று எழுதியது. ஆனால் மோசமாகப் பாதிக்கப்பட்டவர்களைப் பற்றிய மருத்துவப் பதிவுகளும் இருக்கின்றன. யாருக்கு வரும், யாருக்கு வராது என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. அதனால்தான் மருந்தாளுநர்கள் நாங்கள் இன்றும் வேண்டாம் என்றே சொல்கிறோம்.

குடிக்காதவர்களும் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். தசமூலாரிஷ்டம் போன்ற அரிஷ்டங்களும் ஆசவங்களும் புளிக்க வைத்துச் செய்பவை. அவற்றில் தானாக உண்டாகும் ஆல்கஹால் இருக்கிறது, பாட்டில் லேபிளிலேயே அளவு போட்டிருப்பார்கள். சில இருமல் சிரப்பிலும், ஹோமியோபதித் திரவ மருந்துகளிலும் உண்டு. பிள்ளை பெற்ற பெண்ணுக்கு அரிஷ்டம் கொடுக்கும் வழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. அதே நேரத்தில் டாக்டர் மெட்ரோனிடசோல் எழுதியிருந்தால், அரிஷ்டம் கொடுப்பதை டாக்டரிடம் சொல்லுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

ஆஸ்பத்திரியில் ஊசியாகப் போடும் மருந்துகளில் செஃபோபெரசோன் என்று ஒன்று உண்டு. அதற்கும் இந்த விளைவு வரும். வீட்டுக்கு அனுப்பிய அன்றைக்கே சிலர் கடைக்குப் போய்விடுகிறார்கள். குறைந்தது மூன்று நாள் ஆபத்து இருக்கிறது. அனுப்பும்போதே டாக்டரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

அடுத்தது டாக்ஸிசைக்ளின். ஏரியும் வயலும் உள்ள ஊர் நம்முடையது. எலிக்காய்ச்சல், உண்ணிக்காய்ச்சல் இரண்டுக்கும் இந்த மருந்து கொடுப்பார்கள். தினமும் குடிக்கிறவர்களின் உடம்பு இந்த மருந்தைச் சீக்கிரம் கழித்துவிடும். மருந்து சாப்பிட்டும் ரத்தத்தில் அளவு போதாமல் போகும். அந்தப் பழக்கம் இருப்பது தெரிந்தால்தான் டாக்டர் அதற்கேற்ப அளவையோ மருந்தையோ மாற்றுவார்.

அப்படியானால் அமாக்ஸிசிலின், அசித்ரோமைசின், செஃபலெக்சின்? இவற்றுக்கும் மதுவுக்கும் நேரடி மோதல் இல்லை. நான் இதைச் சொல்வதைக் கேட்டு யாரும் அனுமதி கிடைத்துவிட்டது என்று நினைக்கக் கூடாது. காய்ச்சல் நேரத்தில் மது உடம்பின் நீரை வற்ற வைக்கும், தூக்கத்தைக் கெடுக்கும், வாந்தியைக் கூட்டும், குணமாவதைத் தாமதப்படுத்தும். காய்ச்சலுக்குக் கூடவே பாராசிட்டமால் சாப்பிடுவோம், தொடர்ந்து குடிக்கிறவரின் கல்லீரலுக்கு அதுவே சுமை. மார்க்கத்தின் தடையும் அப்படியே இருக்கிறது. ஆனால் இந்த மாத்திரையோடு குடித்தால் உயிர் போகும் என்று நான் சொன்னால் அது பொய். அந்தப் பொய்யை நம்புகிறவர் கொத்தனார் செய்ததைத்தான் செய்வார்: பாட்டிலை வைத்துக்கொண்டு மாத்திரையை விட்டுவிடுவார்.

இன்னொரு வகையினரும் இருக்கிறார்கள். டாக்டர் ஐந்து நாளுக்கு எழுதியிருப்பார். மூன்றாம் நாள் காய்ச்சல் விடும். நான்காம் நாள் சொந்தத்தில் கல்யாணம், அல்லது கம்பெனியில் சம்பள நாள். ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் வேலைக்குப் போகும் பிள்ளைகளிடம் இதை நிறையப் பார்க்கிறேன். "இன்னிக்கு நண்பர்களோடு இருக்கேன், மாத்திரையை நிறுத்திக்கிறேன்" என்கிறார்கள். மாத்திரையை எத்தனை நாளில் நிறுத்தலாம் என்பதை டாக்டர் முடிவு செய்யட்டும். கல்யாணத் தேதி முடிவு செய்யக் கூடாது. மாத்திரை அட்டையில் சிவப்புக் கோடு போட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். மருத்துவர் சீட்டு இல்லாமல் வாங்கக் கூடாது, சொன்ன அளவில் சொன்ன நாள் வரை சாப்பிட வேண்டும் என்பதற்கான அடையாளம் அது. 2016-ல் மத்திய அரசு இதைப் பற்றி நாடு முழுவதும் பிரச்சாரமே செய்தது.

இப்போது காசநோய்க்கு வருகிறேன். ஆன்டிபயாடிக் மருந்துகளை நீண்ட நாள் சாப்பிட வேண்டிய நோய்களில் இதுவும் ஒன்று. சாதாரணக் காசநோய்க்கு ஆறு மாதம். முதல் இரண்டு மாதம் ஐசோனியசிட், ரிஃபாம்பிசின், பைரசினமைடு, எத்தாம்பூட்டால் என்று நான்கு மருந்து. அடுத்த நான்கு மாதம் பைரசினமைடு நீங்கலாக மூன்று. இவற்றில் முதல் மூன்றும் கல்லீரலைப் பாதிக்கக் கூடியவை. அதே கல்லீரலுக்குத்தான் மதுவின் சுமையும். அதனால் இந்த ஆறு மாதமும் மது அறவே கூடாது. பசியின்மை, தொடர்ந்த வாந்தி, கண் மஞ்சளாவது, இவை தெரிந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். ரிஃபாம்பிசினால் சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போவது சகஜம், அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். கண்ணில் மஞ்சள் தெரிந்தால்தான் பயம்.

வீட்டிலிருந்தபடியே காசநோயைக் குணப்படுத்தலாம் என்று உலகத்துக்குக் காட்டியது நம்முடைய சென்னைதான். 1956-ல் அங்கே காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் தொடங்கினார்கள். இன்றைக்கு அது தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம். சானடோரியத்தில் படுக்க வைத்து நல்ல சாப்பாடு கொடுத்துப் பார்த்துக்கொண்டவர்களையும், நெரிசலான வீட்டில் இருந்தபடி மாத்திரை சாப்பிட்ட ஏழைகளையும் ஒப்பிட்டார்கள். 1959-ல் முடிவு வெளியானது. மருந்து ஒழுங்காகப் போனால் வீட்டில் இருந்தவர்களும் அதே அளவுக்குக் குணமானார்கள். மருந்து ஒழுங்காகப் போகிறதா என்பதுதான் அன்றைக்கும் பெரிய கவலை. அதனால்தான் ஒருவர் கண்முன்னே மாத்திரையை விழுங்க வைக்கும் முறையும் சென்னையிலும் ஹாங்காங்கிலும் உருவானது.

அதே சென்னையில், காசநோயாளிகளின் குடிப்பழக்கம் பற்றி 2011-ல் ஓர் ஆய்வு வெளிவந்தது. பத்தில் ஏறக்குறைய மூன்று பேர் குடிப்பவர்களாக இருந்தார்கள். நம் ஊரில், நம் சமுதாயத்தில் அது பூஜ்ஜியம் என்று நாம் சொல்லிக்கொண்டால், நம்மை நாமே ஏமாற்றிக்கொள்கிறோம்.

வீட்டில் இருப்பவர்களுக்கு, முக்கியமாகத் தாய்மார்களுக்கு, மூன்று விஷயம் சொல்கிறேன்.

ஒன்று. குடி மறக்கும் பொடி என்று விற்பதையோ, யாரிடமாவது வாங்கிய மாத்திரையையோ குழம்பில், டீயில் தெரியாமல் கலந்து கொடுக்காதீர்கள். அது டைசல்ஃபிரமாக இருக்கலாம். தெரியாமல் சாப்பிட்டுவிட்டு அவர் குடித்தால் உயிருக்கே ஆபத்து. டைசல்ஃபிரம் சாப்பிட்ட இரண்டு வாரத்துக்குள் மெட்ரோனிடசோல் கொடுக்கவே கூடாது, புத்தி பேதலித்துப் போகலாம். நீங்கள் கலந்தது அவருக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. அவர் பல் வலிக்கு மாத்திரை எழுதிக் கொடுத்துவிடுவார்.

இரண்டு. வருடக்கணக்காகத் தினமும் குடித்தவரை, மாத்திரை ஆரம்பித்தாயிற்று என்று அறையில் பூட்டி ஒரேயடியாக நிறுத்த வைக்காதீர்கள். கை நடுக்கம், வியர்வை, தூக்கமின்மை, சிலருக்கு வலிப்பு, இல்லாதது கண்ணுக்குத் தெரிவது எல்லாம் இரண்டு மூன்று நாளில் வரும். இதை மருந்து வேலை செய்கிறது என்றோ, ஜின் பிடித்துவிட்டது என்றோ நினைத்து நேரத்தை வீணாக்குகிறார்கள். அரசு மருத்துவமனையில் சொன்னால் நடுக்கம் வராமல் இருக்க மருந்து கொடுத்து நிறுத்த வைப்பார்கள். நிறுத்த வேண்டும்தான், மருத்துவ உதவியோடு நிறுத்த வேண்டும்.

மூன்று. அவர் குடித்துவிட்டு வந்த இரவில் மாத்திரையைப் பிடுங்கி ஒளித்து வைக்காதீர்கள். மறுநாள் காலையில் மருந்தாளுநரிடமோ, சுகாதாரப் பணியாளரிடமோ கேளுங்கள். காசநோய்க்கு 1800-11-6666 என்ற இலவச எண் இருக்கிறது. பொதுவான மருத்துவ ஆலோசனைக்கு 104. முகம் சிவந்து, மூச்சு முட்டி, நெஞ்சு படபடத்தால் காத்திருக்காமல் 108. குடியை விட உதவி கேட்க 14446, மன நல ஆலோசனைக்கு 14416. இந்த எண்களில் பேசினால் ஊருக்குத் தெரிந்துவிடுமோ என்று பயப்பட வேண்டாம்.

ஜமாஅத் பெரியோர்களிடம் ஒரு வேண்டுகோள். பிறர் குறையை மறைப்பது நம் மார்க்கத்தில் நற்பண்பு. ஊர் முன்னால் ஒருவரை இழிவுபடுத்தாமல் இருப்பதற்கான நற்பண்பு அது. டாக்டர் முன்னால் நோயாளி வாய் மூடி இருப்பதற்கான காரணமாக அது ஆகிவிடக் கூடாது. மதீனாவில் மது ஒரே நாளில் தடை செய்யப்படவில்லை, படிப்படியாகத்தான் தடை வந்தது என்பதை ஹஜ்ரத்மார்கள் உங்களுக்கு விளக்கமாகச் சொல்வார்கள். அந்த நிதானம் நமக்கும் வேண்டும். நோயாளி ஒருவர் குடித்தார் என்று தெரிந்தால் அவர் வீட்டுக்கு உதவியை நிறுத்துவது, அவர் மகள் கல்யாணத்தில் அதைப் பேசுவது, இதெல்லாம் இருக்கும் வரை யாரும் உண்மையைச் சொல்ல மாட்டார்கள். அவர் சொல்லாத உண்மைக்கு அவர் மட்டும் விலை கொடுப்பதில்லை. காசநோய் மூச்சில் பரவும். அதே அறையில் படுக்கும் பிள்ளைக்கும் வரும்.

இளைஞர்களே, டாக்டர் "குடிப்பீங்களா?" என்று கேட்டால் அது மருந்து பற்றிய கேள்வி. உங்கள் ஈமானைப் பற்றிய விசாரணை இல்லை. உண்மையைச் சொல்லுங்கள். கூட அத்தா அம்மா நிற்கிறார்கள் என்றால், "சார், ஒரு நிமிஷம் தனியாகப் பேச வேண்டும்" என்று கேளுங்கள். எந்த நல்ல டாக்டரும் மறுக்க மாட்டார்.

கடைசியாக அந்தக் கொத்தனார். மனைவி சொன்னதை அவர் பெயர் வராமல் டாக்டரிடம் சொன்னேன். டாக்டர் அவரைத் தனியாக உட்கார வைத்துப் பேசினார். "நீங்க முஸ்லிம்னு எனக்குத் தெரியும். நான் உங்க நுரையீரலைப் பத்திக் கேக்கிறேன்" என்றார். அவர் சிறிது நேரம் தலையைக் குனிந்திருந்தார். பிறகு எல்லாவற்றையும் சொன்னார். மருந்துக்குக் கிருமி அடங்குகிறதா என்று பரிசோதித்தார்கள். அல்லாஹ்வின் கிருபை, எதிர்ப்பு வரவில்லை. கல்லீரலையும் பார்த்தார்கள். குடியை விட மனநல மருத்துவரிடம் அனுப்பினார்கள். மகளுக்கும் பரிசோதனை செய்தார்கள். இரண்டு முறை தடுக்கி விழுந்தார். மறுபடியும் குடித்தார், ஆனால் அந்த நாட்களிலும் மாத்திரையை விடவில்லை, மறுநாள் வந்து சொன்னார். கூடுதலாகச் சில மாதம் ஆனது. கடைசியில் சளியில் கிருமி இல்லை என்று தாள் வந்தது. அதைப் படிக்கத் தெரியாமல் ஜன்னலில் நீட்டி, "என்ன பாய் போட்டிருக்கு?" என்று கேட்டார். நான் படித்துச் சொன்னேன்.

அந்த வீட்டில் அன்றைக்கு அந்தப் பெண் வாய் திறக்காமல் இருந்திருந்தால், அந்தத் தாளில் என்ன எழுதியிருக்கும் என்று நான் பல முறை நினைத்திருக்கிறேன்.

மதுவை விட்டுவிடுங்கள். விட முடியவில்லை என்றால் உதவி கேளுங்கள். அதுவரை மாத்திரையை விடாதீர்கள், டாக்டரிடம் மறைக்காதீர்கள். நோயுற்ற எல்லோருக்கும் அல்லாஹ் பூரண ஷிஃபாவைத் தருவானாக. ஆமீன். வஸ்ஸலாம்.